ஒளிர்ந்த பவளமும் ஓயாத இறாலும்

ஒரு காட்டில் மரமே கிடையாது. சிரிக்காதீர்கள் குழந்தைகளே, உண்மையாகத்தான் சொல்கிறேன். அங்கே கிளைகள் உண்டு, புதர்கள் உண்டு, ஒளிந்துகொள்ளப் பொந்துகள் உண்டு. ஆனால் எல்லாம் கல். கடலுக்குள்ளே, நான்கு ஆள் ஆழத்தில் இருந்த பவளக்காடு அது.

அந்தக் காட்டைக் கட்டியவை கடுகளவுப் பவள உயிர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய். பல்லாயிரம் வாய்கள் சேர்ந்தால் ஒரு கிளை. அவற்றுக்குச் சோறு சமைத்துப் போட, அவற்றின் உடம்புக்குள்ளேயே பொடிப்பாசி குடியிருந்தது. பாசி வெயிலை வாங்கிச் சமைக்கும், பவளம் சாப்பிடும். பவளத்துக்கு நிறம் கொடுத்ததும் அந்தச் சமையல்காரப் பாசிதான்.

காடு என்றால் ஓசை வேண்டும் அல்லவா? அங்கே இருந்த ஓசையைக் கேட்டால் நீங்கள் காதைப் பொத்திக்கொள்வீர்கள். கிளிமீன்கள் கல்லில் படியும் அழுக்குப்பாசியைக் 'கறக் கறக்' என்று சுரண்டித் தின்னும். நண்டுகள் கொடுக்கைத் தட்டும். சொடுக்கு இறால்களின் சத்தமோ இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். சுண்டுவிரல் நீளம்தான் அந்த இறால். ஆனால் ஒரு கொடுக்கு மட்டும் உடம்பில் பாதி இருக்கும். அதை மடக்கி ஒரு சொடுக்குச் சொடுக்கினால், 'சொட்!' சட்டியில் பொரி பொரிவதுபோலக் காடு முழுவதும் பொரிந்துகொண்டே இருக்கும்.

அந்தச் சத்தம் வீண் சத்தம் இல்லை. அந்த ஊரில் மீன்குஞ்சுகள் பொரித்த அன்றே நீரோட்டத்தோடு ஆழ்கடலுக்குப் போய்விடும். இருபது நாள் அங்கே சுற்றி, விரல்நகம் அளவு வளர்ந்து, பிறகு வீடு திரும்பும். கூட்டிவர யாரும் கிடையாது. ஊரின் ஓசையைக் கேட்டுக் கேட்டுத்தான் வந்து சேரும். நாம் வாசலில் விளக்கு வைக்கிறோம். அவர்கள் வாசலில் ஓசை வைத்தார்கள்.

அந்த ஊரில் ஐவரியான் என்று ஒரு மீன் இருந்தான். மஞ்சள் உடம்பில் ஐந்து கறுப்புக் கோடுகள். அவன் இனத்தில் தாய் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுவாள். காவல் காப்பது தகப்பன்தான். ஐவரியான் சோறு தண்ணீர் இல்லாமல் காத்து, முந்நூறு குஞ்சுகளைப் பொரிக்கவைத்து அனுப்பியிருந்தான். அந்தப் பெருமை அவன் தலைக்கு மேலே ஒரு முழம் நின்றது. போகிற வருகிறவர்களிடமெல்லாம், "எம் பிள்ளைக வர இன்னும் எட்டு நாளுதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஊர்த் தலைவர் பெருவாய் அண்ணாச்சி. அவர் ஒரு களவா மீன். வாயைத் திறந்தால் ஒரு குடம் உள்ளே போகும். அவருக்குத் தூக்கம் என்றால் உயிர்.

எட்டுக்கையன் என்று இன்னொருவன் இருந்தான். நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்று சொல்வார்களே, அந்தச் சாதி. எந்தக் கல்லில் உட்கார்ந்தாலும் அந்தக் கல்லின் நிறத்துக்கு மாறிவிடுவான். அவனுக்கு நண்டு என்றால் நாக்கில் தண்ணீர் ஊறும். ஆனால் அவன் ஒரு கையை நீட்டினாலே பக்கத்து இறால் சொடுக்கும். நண்டுகள் பொந்துக்குள் பாய்ந்துவிடும். அதனால் இறால்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது.

அந்த வருடம் ஒரு கெட்ட வெக்கை வந்தது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசிக் கடலைக் குளிரவைக்க வேண்டிய மாதம். காற்று வரவில்லை. உலகம் முழுக்க மனிதர்கள் எரித்த புகை வானத்தைக் கம்பளிபோலப் போர்த்தியிருந்தது. அந்தச் சூடெல்லாம் கடலில் இறங்கியது. கடல் ஓர் அலைகூட இல்லாமல், எண்ணெய் ஊற்றிய தட்டாகக் கிடந்தது.

வெக்கை தாங்காமல், சமைத்துப் போட்ட பாசிகள் சோற்றுக்குப் பதிலாக நஞ்சைக் கக்கத் தொடங்கின. பவளம் என்ன செய்யும்? ஒவ்வொரு வாயும் தன் சமையல்காரனைத் துப்பி வெளியே தள்ளியது.

அப்போதுதான் அது நடந்தது. நல்ல உச்சிப்பொழுது. பவளக்காடு ஒளிர ஆரம்பித்தது.

ஒரு கிளை ஊதாவாக, ஒரு கிளை நீலமாக, ஒரு புதர் பச்சையாக ஒளிர்ந்தது. அந்த ஊரில் யாரும் அதுவரை பார்க்காத நிறங்கள். வெயில் பட்டு வரும் பளபளப்பு இல்லை அது. கல்லுக்குள்ளிருந்து வந்த ஒளி. பாசி போனதும் வெயிலைத் தாங்கப் பவளமே பூசிக்கொண்ட நிறம் அது. அந்த ஒளி பட்ட மீன்களின் முகமெல்லாம் வேறு யாருடைய முகமோபோலத் தெரிந்தது.

பெரிய கொம்புப்பவளத்தின் அடியில் ஒரு பொந்து. அதில் சொடுக்கி என்ற இறால் குடியிருந்தான். ஊரிலேயே உரக்கச் சொடுக்குகிறவன் அவன்தான். உண்மையை உள்ளபடி சொல்லி எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவனும் அவன்தான். ஒளி வந்த அந்த நேரம், தலைக்கு மேலே ஏதோ முணுமுணுப்பது அவனுக்குக் கேட்டது.

பவளம் பேசி யாரும் கேட்டதில்லை. சொடுக்கி உற்றுக் கேட்டான். பல்லாயிரம் சின்ன வாய்கள் ஒன்றாக ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தன.

"சுடுது... சுடுது... சுடுது..."

சொடுக்கிக்கு அந்த வெந்நீரிலும் உடம்பு சில்லிட்டது. அவன் பொந்தைவிட்டுக் கிளம்பி, பெருவாய் அண்ணாச்சியின் குகைக்கு ஓடினான்.

அங்கே ஊரே கூடியிருந்தது. நடுவில் எட்டுக்கையன், ஊதாவும் நீலமுமாக நிறம் மாறி மின்னிக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, பாத்தியளா! நம்ம ஊருக்குத் திருநாளு வந்துருக்கு. எந்த ஊருக்கு இப்படி ஒரு விளக்கு அமையும்?" என்றான்.

பிறகு ஐவரியானின் தோளில் ஒரு கையைப் போட்டான். "ஐவரியா, இது ஆருக்கு ஏத்துன விளக்குன்னு நெனைக்க?"

"ஆருக்கு?"

"ஓம் பிள்ளைகளுக்குலா! முந்நூறு பிள்ளைக ஒண்ணா வருதுன்னு பவளமே விளக்கு ஏத்திருக்கு."

ஐவரியானின் ஐந்து கோடுகளும் விம்மிப் புடைத்தன. "நெசமாவா சொல்லுத?"

"பின்னே? இம்புட்டு வெளிச்சம் இருக்கும்போது இந்தச் சத்தம் எதுக்குங்கேன்? கல்யாண வீட்டுல கல்லு ஒடைச்ச மாதிரி! பிள்ளைக வெளிச்சத்தப் பாத்தே வந்துருமே. கிளிமீனுக்கும் சொல்லிருங்க அண்ணாச்சி. இந்த அழகுக் கல்லுல போயி வாய வைக்கலாமா?"

பெருவாய் அண்ணாச்சி ஒரு கொட்டாவி விட்டார். "எனக்கும் கண்ணசந்து நாலு வருசம் ஆச்சு" என்றார்.

சொடுக்கி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தான். "அண்ணாச்சி, அது விளக்கு இல்ல. காய்ச்சலு! பவளம் சுடுதுன்னு அழுவுது. நான் எங்காதால கேட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். "பவளம் பேசுமாலே?" என்று எட்டுக்கையன் கேட்டான்.

"சிரிக்காதிய. நான் சொல்லுததக் கேளுங்க. கிளிமீனு எப்பவும்போலப் பாசியச் சொரண்டட்டும், இல்லாட்டி அழுக்கு பவளத்த மூடிரும். நாம எப்பவும்போலச் சத்தம் போடுவோம். கச்சான் எறங்குற வரைக்கும் பவளம் தாக்குப்பிடிச்சிட்டுன்னா பொழச்சிக்கிடும். பிள்ளைகளும் வீடு வந்துரும்."

ஐவரியானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எம் பிள்ளைகளுக்கு ஏத்துன விளக்கப் பாத்துக் காய்ச்சல்ங்கானே! வயித்தெரிச்சல் புடிச்ச பய. அண்ணாச்சி, மொதல்ல இவன் வாய அடக்குங்க."

அண்ணாச்சிக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது. "சரி சரி. திருநாளு முடியிற வரைக்கும் ஊருக்குள்ள ஒரு சத்தமும் கேக்கப்படாது. இறாலு சொடுக்கப்படாது. கிளிமீனு சொரண்டப்படாது. போங்க எல்லாரும்."

ஊர் அடங்கியது. ஒவ்வோர் இறாலாகக் கொடுக்கை மடக்கிக்கொண்டது.

'சொட்!'

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சொடுக்கிதான். 'சொட்! சொட்!'

"அந்தப் பயல ஊரவிட்டுத் தள்ளுங்க!" என்று கத்தினான் ஐவரியான். அவனே முன்னால் நின்று தள்ளினான். கிழக்கே, மணல்வெளியைத் தாண்டி ஒரு மொட்டைப்பாறை இருந்தது. ஒரு புல்கூட முளைக்காத பாறை. சொடுக்கியை அங்கே விரட்டினார்கள்.

போகிறபோது சொடுக்கி கேட்டான். "ஐவரியா, பிள்ளைக வாரதுக்கு முன்னால இந்த வெளிச்சம் அணைஞ்சிட்டுன்னா என்ன செய்வ?"

"நல்ல வாக்குச் சொல்லத் தெரியாதவனே, போ!" என்றான் ஐவரியான்.

அப்புறம் அந்த ஊரில் ஓசை இல்லை.

முதல் நாள் எல்லோருக்கும் சுகமாக இருந்தது. எல்லாரும் ஒளியைப் பார்த்தபடி மிதந்தார்கள். இரண்டாம் நாள், அவரவர் செவுள் திறந்து மூடுவது அவரவருக்கே கேட்டது. மூன்றாம் நாள் யாரோ ஒருவர் நண்டு வீட்டுப் பக்கம் போனார். வீடு காலி. பக்கத்து வீடும் காலி. எட்டுக்கையனின் பொந்து வாசலில் மட்டும் நண்டு ஓடுகள், பெரியது ஒருபுறமும் சிறியது ஒருபுறமுமாக, ஒழுங்காக அடுக்கியிருந்தன. பார்த்தவர் கூச்சல் போட வாயைத் திறந்தார். அண்ணாச்சியின் கட்டளை ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டார்.

அடங்கிக் கிடந்த மற்ற இறால்களும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எட்டுக்கையன் எந்தக் கிளையில் எந்த நிறத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் சாய்ந்திருக்கும் கல்லே திடீரென்று கண் திறந்து பார்த்தால் எப்படி இருக்கும்? அந்த ஊர் அப்படித்தான் இருந்தது.

நான்காம் நாள் கிளிமீன்கள், "சொரண்டாட்டா நாங்க எதத் தின்ன?" என்று சொல்லிவிட்டு வேறு பாறை தேடிக் கூட்டமாகப் போய்விட்டன.

ஐந்தாம் நாள் விடிந்தபோது ஒளி இல்லை.

பவளக்காடு வெள்ளையாக நின்றது. பவளத்தின் சதை கண்ணாடிபோல ஆகி, அதற்குள்ளே எலும்பு தெரிந்தது. கிளைக்குக் கிளை, புதருக்குப் புதர், கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளே பல்லாயிரம் வாய்கள் இன்னும் திறந்திருந்தன. ஊரில்தான் வேறு ஓசையே இல்லையே, இப்போது அந்த முணுமுணுப்பு எல்லோருக்கும் கேட்டது.

"பசிக்குது... பசிக்குது... பசிக்குது..."

இரண்டு நாள் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

சுரண்ட ஆள் இல்லாத அழுக்குப்பாசி அந்த வெள்ளைக் கிளைகளில் ஏறத் தொடங்கியது. நீளமாக, கறுப்பாக, தலைமுடிபோல அது அசைந்தது.

நாளைக்கு ஐவரியானின் பிள்ளைகள் வரவேண்டும். அவன் எட்டுக்கையனின் பொந்துக்கு ஓடினான்.

வெள்ளைக் கல்லோடு வெள்ளைக் கல்லாக உட்கார்ந்திருந்தான் எட்டுக்கையன். "நண்டு தீந்த ஊருல எனக்கு என்னலே வேலை?" என்று சொல்லி, எட்டுக் கைகளையும் சேர்த்துக்கொண்டு கிளம்பினான்.

"விளக்குன்னு சொன்னியே!"

"நான் சொன்னேன். நீ ஏன் நம்புன?" எட்டுக்கையன் போயே போய்விட்டான்.

ஐவரியான் அண்ணாச்சியின் குகைக்கு ஓடினான். "அண்ணாச்சி, எந்திரிங்க! சத்தம் போடச் சொல்லுங்க! ஒடனே சொல்லுங்க!"

பெருவாய் அண்ணாச்சி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "ஆரப் போடச் சொல்ல?" என்று கேட்டார்.

ஐவரியான் திரும்பிப் பார்த்தான். இறால் இல்லை, நண்டு இல்லை, கிளிமீன் இல்லை. மற்ற மீன்களும் பசி தாங்காமல் போய்விட்டிருந்தன. அண்ணாச்சி திறந்த கண்ணை மறுபடியும் மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை, பிள்ளைகள் வந்தார்கள்.

முதலில் ஐவரியான் அதை ஒரு மினுமினுப்பு என்றுதான் நினைத்தான். பாறை முடிந்து ஆழம் தொடங்கும் இடத்தில், விரல்நகம் அளவில் முந்நூறு உடம்புகள் மிதந்து வந்தன. ஒவ்வொன்றிலும் ஐந்து மெல்லிய கோடுகள். அவன் பாய்ந்து முன்னே போனான்.

அவர்கள் நின்றார்கள். காதைத் தீட்டிக் கேட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

"இங்கதான்! வீடு இங்கதான்! நாந்தான் ஒங்கப்பன்!" என்று அலறினான் ஐவரியான்.

பாவம், அவன் குரலை அவர்களுக்கு எப்படித் தெரியும்? முட்டைக்குள் இருந்தபோது அவர்கள் கேட்டதெல்லாம் ஊரின் ஓசைதான். ஊரில் ஒரே ஒரு மீன் கத்தினால் அது ஊராகிவிடுமா? ஓர் ஓசையாவது எழுப்ப, அவன் பற்களை நறநறவென்று கடித்தான். பல் தெறிக்கும் வரை கடித்தான். பிள்ளைகள் அந்த வெள்ளைக் கிளைகளையும், அவற்றில் அசைந்த கறுப்பு முடியையும், நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற அந்நியனையும் பார்த்தார்கள். பயந்துபோய்ப் பின்வாங்கினார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் ஒரு விசைப்படகு போனது. 'டக டக டக டக.' அந்த இடத்தில் அப்போது கேட்ட ஒரே சத்தம் அதுதான்.

முந்நூறு பிள்ளைகளும் ஒன்றாகத் திரும்பினார்கள். வீட்டைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தோடு, அந்த என்ஜினின் பின்னால் ஆழ்கடலைப் பார்த்துப் போனார்கள்.

ஐவரியான் துரத்தினான். படகை அவன் எங்கே பிடிப்பது? செவுள் எரிய, துடுப்பு கிழிய நீந்தி, கடைசியில் மணல்வெளிக்கு நடுவில் தளர்ந்து நின்றான். என்ஜின் சத்தம் தேய்ந்து மறைந்தது. எங்கும் நிசப்தம். அப்போது கிழக்கே எங்கிருந்தோ, ஊசி விழுந்ததுபோல ஓர் ஓசை கேட்டது.

'சொட்!'

அவன் அந்தத் திசையில் போனான்.

மொட்டைப்பாறையின் ஒரு விரிசலில் சொடுக்கி இருந்தான். எட்டு நாள் ஓயாமல் சொடுக்கியதில் அவன் பெரிய கொடுக்கு கீறல் விட்டிருந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் ஏழு குட்டி மீன்கள் ஒண்டிக்கொண்டிருந்தன. ஐந்து ஐந்து கோடுகளோடு.

ஐவரியான் பாறையோரம் ஒதுங்கி நின்றான். "எத்தன பேரு வந்தாங்க?" என்று மெல்லக் கேட்டான்.

"ஏழு. படகு இந்த வழியாப் போனப்ப எஞ்சத்தத்தக் கேட்டுப் பிரிஞ்சு வந்தாங்க. மிச்சப் பேரு படகுச் சத்தத்துக்குப் பொறத்தால போயிட்டாங்க. என் ஒருத்தன் சத்தம் எம்புட்டுத் தூரம் கேக்கும்?" என்றான் சொடுக்கி. அவன் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை என்று ஐவரியானுக்கு இருந்தது.

"சொடுக்கி, நிறுத்தாத. ஒனக்குப் புண்ணியமாப் போவும், நிறுத்தாத. இன்னும் ஆராவது வழி தெரியாம வெளிய சுத்திக்கிட்டு இருப்பாங்க." அவன் பாறையின் மறுபக்கம் போய், மிச்சமிருந்த பற்களைக் கல்லில் வைத்துத் தேய்த்தான். 'கிர்... கிர்...'

அன்று சாயங்காலம் கச்சான் காற்று வந்தது. குளிர்ந்த தண்ணீர் புரண்டு வந்து பவளக்காட்டின் மேல் பாய்ந்தது. ஆனால் அங்கே திறந்திருந்த வாய் ஒன்றுகூட இல்லை. பெருவாய் அண்ணாச்சி மட்டும் கறுப்பு முடி தொங்கும் குகைக்குள், அவரை எழுப்ப ஓர் ஓசையும் இல்லாமல், வாயைத் திறந்தபடி கிடந்தார். அவர் தூங்குகிறாரா இல்லையா என்று போய்ப் பார்க்கவும் அங்கே யாரும் இல்லை.

மொட்டைப்பாறையில் ஏழு குட்டிகளில் ஒன்று தைரியமாக எட்டிப் பார்த்தது. ரத்தம் கசியும் வாயோடு கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த மீனைப் பார்த்து அதற்குப் பயமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"அவரு ஆரு மாமா?" என்று கேட்டது.

சொடுக்கி ஐவரியானைப் பார்த்தான். ஐவரியான் தலையைக் குனிந்துகொண்டான். தேய்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

"அவரா? சத்தம் போட வந்தவரு" என்றான் சொடுக்கி.

நீதி: நோயின் பளபளப்பைத் திருவிழா என்று நம்பி எச்சரிக்கும் குரலை அடக்கினால், வீடு திரும்பும் பிள்ளைக்கு வழி இருக்காது.